16 அடிப் படகுக்கு 36 அங்குல டிரிஃப்ட் சாக்: ஒரு மதிப்புரை

ஒன்டாரியோவின் ஏரிகளில் சிறிய அலுமினியப் படகோடு தூண்டில் போடச் செல்லும் தமிழர்களை இப்போது பரவலாகப் பார்க்க முடிகிறது. சிம்கோ ஏரியில் பெர்ச் மீனுக்கும், குவின்டே விரிகுடாவில் இங்குள்ளவர்கள் பிக்கரெல் என்று அழைக்கும் வால்ஐ மீனுக்கும் போகிறவர்கள், இயந்திரத்துக்கும் மீன் காட்டும் கருவிக்கும் தாராளமாகச் செலவிடுகிறார்கள். ஆனால் காற்றில் படகு ஓடும் வேகத்தைக் குறைப்பதற்காகச் சில பத்து டாலர்களில் கிடைக்கும் டிரிஃப்ட் சாக் என்ற துணிப்பையை மட்டும் பலர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். 16 அடி நீளமுள்ள திறந்த அலுமினியப் படகில், 36 அங்குல வாய் கொண்ட நடுத்தர விலைப் பை ஒன்றைப் பயன்படுத்திய அனுபவத்தை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அதன் குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் தயாரித்த நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பை வாங்கத்தக்கது என்பதே என் முடிவு. உறையில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு அது வேகத்தைக் குறைப்பதில்லை. ஆனால் உறையில் ஒரு வரியோடு முடித்துவிட்ட இன்னொரு வேலையை, அதாவது படகைக் காற்றுக்கு ஒரே கோணத்தில் பிடித்து வைத்திருப்பதை, மிக நன்றாகச் செய்கிறது.

பையின் அமைப்பு எளிமையானது. இரு முனையும் திறந்த கூம்பு வடிவத் துணி. அகன்ற வாய் படகை நோக்கியும் குறுகிய வால் அதற்கு அப்பாலும் இருக்கும். வாயின் விளிம்பிலிருந்து நான்கு பட்டைகள் வந்து ஒரு வளையத்தில் கூடுகின்றன. அந்த வளையத்தில்தான் கயிற்றைக் கட்ட வேண்டும். விளிம்பின் ஒரு பக்கத்தில் மிதவையும் எதிர்ப்பக்கத்தில் ஈயக் குண்டும் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இவை இரண்டும் இருப்பதால்தான் பை நீரில் போட்டவுடன் வாய் திறந்துகொள்கிறது, சுழன்று கயிற்றை முறுக்காமலும் இருக்கிறது. விலை குறைந்த பைகள் சிலவற்றில் இந்த இரண்டும் கிடையாது. அத்தகைய பையை வாங்குகிறவர் மிதவையையும் குண்டையும் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய காற்றில் துணி சுருண்டு, திறக்காமலே நீரில் கிடக்கும்.

வேகத்தைக் குறைப்பது ஏன் தேவைப்படுகிறது என்பதைப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வால்ஐ பெரும்பாலும் அடித்தரையை ஒட்டி மேயும் மீன். வார்ம் ஹார்னெஸ் எனப்படும், புழுவைக் கோத்து இழுக்கும் தூண்டிலைக் கட்டி இழுத்தால் மணிக்கு 1.3 முதல் 2 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் அது நன்றாகக் கவ்வும். ஜிக் என்ற ஈயத்தலைத் தூண்டிலைப் போட்டால் அதில் பாதி வேகமே பொருத்தமானது. படகு அதைவிட வேகமாக ஓடினால், தூண்டில் நூல் பின்னால் சாய்ந்து இரை தரையை விட்டு எழும்பிவிடும். ஈயத்தின் எடையைக் கூட்டி இரையைக் கீழே இறக்கலாம். ஆனால் எடை கூடக்கூட மீன் தொடும் மெல்லிய அதிர்வு கைக்கு வந்து சேராது. படகின் வேகத்தைக் குறைப்பது ஈயத்தைக் கூட்டுவதைவிடச் சிறந்த வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம்: இந்தப் பை எவ்வளவு குறைக்கிறது? சில உறைகளைப் படிப்பவர்கள் படகு ஏறத்தாழ நின்றுவிடும் என்று எதிர்பார்த்து வாங்குகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டால் அது நடக்காது என்பது விளங்கும். நீரில் நகரும் எந்தப் பொருளும் சந்திக்கும் எதிர்ப்பு, அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. காற்று தள்ளும் விசை மாறாதபோது வேகத்தைப் பாதியாக்க வேண்டுமானால், நீருக்குள் எதிர்ப்புத் தரும் பரப்பு மொத்தமாக நான்கு மடங்காக வேண்டும். 36 அங்குல வாயின் பரப்பு சுமார் 0.65 சதுர மீட்டர். பக்கவாட்டில் ஓடும் 16 அடிப் படகின் மூழ்கிய பகுதி ஏறத்தாழ 1 சதுர மீட்டர் இருக்கும். அதன் உருண்ட அடிப்பகுதியை நீர் எளிதாகக் கடந்துவிடும், பையின் குழிந்த வாயையோ அப்படிக் கடக்க முடியாது. எனவே பை தன் அளவுக்கு மீறித்தான் உழைக்கிறது. அப்படி உழைத்தும் மொத்த எதிர்ப்பு இருமடங்குக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதன்படி பார்த்தால் வேகம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைய வேண்டும். என் ஜி.பி.எஸ். கருவி காட்டுவதும் ஏறத்தாழ அதுவே: பை இல்லாமல் மணிக்கு 1.8 கிலோமீட்டரில் ஓடும் படகு, பையைப் போட்டதும் 1.2 அளவுக்கு இறங்கி நிற்கிறது.

மூன்றில் ஒரு பங்கு என்பது கேட்கச் சிறிதாகத் தோன்றலாம். ஆனால் காற்றின் தள்ளுவிசையும் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தே இருப்பதால், எந்தக் காற்றிலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. 30 கிலோமீட்டர் வேகக் காற்றில், பை கட்டிய படகு 20 கிலோமீட்டர் காற்றில் ஓடுவதைப் போல ஓடும். பிடிக்கவே முடியாத நாளைப் பிடிக்கத் தக்க நாளாக்க இது போதும். ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: காற்றின் விளைவைக் குறைக்கும் இந்தப் பை அலையைக் குறைப்பதில்லை. சிம்கோ 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த ஏரி. ஈரி ஏரியின் மேற்குப் பகுதியோ சராசரியாக 7 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழமே உள்ளது, அங்கே அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். பை கையில் இருக்கிறது என்ற துணிவில், வழக்கமாகக் கரையில் தங்கிவிடும் நாளில் அங்கே படகை இறக்குவது ஆபத்து.

பெரிய பை வாங்கினாலும் படகு முழுமையாக நிற்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. காற்று அடிக்கும்போது ஏரியின் மேல்நீரும் காற்றின் திசையில் நகர்கிறது. அதன் வேகம் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு இருக்கும். 25 கிலோமீட்டர் காற்றில் மேல்நீரே மணிக்கு அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது, அந்த நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும் பையும் அதோடு சேர்ந்துதான் போகும். மேலே சொன்ன ஈயக் குண்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. பை முழுவதும் நீருக்குள் இறங்கி, மேற்பரப்பிலிருந்து சற்றுக் கீழே ஓடினால், மேல்நீரின் ஓட்டம் அதை அவ்வளவாகப் பாதிக்காது. மிதவை மட்டும் நீர்மட்டத்தில் தெரியும்படி இருப்பது சரியான நிலை. துணியே வெளியே தெரிந்தால் குண்டின் எடை போதவில்லை என்று பொருள்.

அடுத்து, இந்தப் பையை நான் விரும்புவதற்கான முதன்மைக் காரணத்தைச் சொல்கிறேன். இயந்திரத்தின் எடையால் பின்பக்கம் தாழ்ந்தும், முன்முனையான அணியம் உயர்ந்தும் இருக்கும் சிறிய படகு, காற்றில் நேராக ஓடாது. உயர்ந்திருக்கும் அணியத்தைக் காற்று பிடித்துத் தள்ளிவிடும், நீருக்குள் இறங்கியிருக்கும் இயந்திரக் கால் பின்பக்கத்தைத் தடுத்து வைக்கும். படகு சாய்ந்து திரும்பி, வேண்டாத திசையில் நழுவும். படகில் மூவர் இருந்தால் ஒருவருடைய நூல் இன்னொருவருடைய நூலோடு சிக்கிக்கொண்டே இருக்கும். பையை நடுப்பகுதிக்குச் சற்று முன்னால், காற்று வரும் பக்கத்து விளிம்பில் கட்டிவிட்டால், படகு காற்றுக்குக் குறுக்காக அமைதியாக நின்று சீராக ஓடுகிறது. மூன்று தூண்டில்களும் இணையாக விழுகின்றன. நீரடியில் ஒரே அகலத்துக்கு ஒழுங்காகத் தேடிக்கொண்டு போகலாம். கட்டுமிடத்தை ஓரடி முன்னே தள்ளினால் அணியம் காற்றை நோக்கிச் சற்றுத் திரும்பும். பின்னே தள்ளினால் மறுபுறம் திரும்பும். மீன் இருக்கும் திட்டின் மேலாகப் படகைச் சாய்த்துக் கொண்டுபோக இந்த ஓரடி மாற்றமே போதும். இயந்திரத்தைத் தொடாமல், சத்தமே இல்லாமல் படகின் பாதையை இப்படித் திருத்த முடிகிறது என்பதற்காகவே இந்தப் பைக்குக் கொடுத்த விலை தகும்.

பிரிட்டனின் ட்ரௌட் மீன்பிடிப்பாளர்கள் இதை வெகுகாலமாக அறிந்திருக்கிறார்கள். ரட்லண்ட் வாட்டர் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் அவர்கள் பாராசூட் வடிவப் பையைப் படகின் நடுவில் ஜி வடிவக் கிடுக்கியால் பொருத்தி, படகைக் குறுக்காக ஓடவிட்டு, முன்னால் வீசிப் பிடிக்கிறார்கள். கயிறு கட்டுவதற்கான கொண்டி இல்லாத வாடகைப் படகில் போகும் நம்மவர்களுக்கும் இந்தக் கிடுக்கி மிக ஏற்றது. நான் அதைத் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டேன். பையோடு சேர்த்துத் தரவேண்டிய பொருள் அது என்றே கருதுகிறேன்.

கட்டுமிடத்தில் விளையாடக் கூடாத ஒன்று உண்டு. பையைப் படகின் பின்தட்டின் நடுவில் ஒருபோதும் கட்டக் கூடாது. படகின் மிகத் தாழ்ந்த விளிம்பு அதுதான். அங்கே பையைக் கட்டினால் பின்தட்டு காற்றையும் அலையையும் எதிர்கொண்டு திரும்பிவிடும், பையின் இழுப்பு அதை எழும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும், அடுத்த அலை நேராகப் படகுக்குள் விழும். அலை வலுத்துவிட்டால் பக்கவாட்டு நிலையையும் கைவிட்டு, கயிற்றை அணியத்து வளையத்துக்கு மாற்ற வேண்டும். அப்போது அணியம் அலையை எதிர்கொள்ளும். மீன்பிடிப்புக்கு வசதி குறைந்தாலும் படகு பாதுகாப்பாக இருக்கும்.

கயிற்றின் மீது விழும் இழுப்பு சாதாரண வேளையில் 3 அல்லது 4 கிலோ எடை அளவுதான். கையால் பிடித்தே உணரலாம். ஆனால் அலை ஒன்று படகைச் சட்டென்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தள்ளினால், அதே பை 40 கிலோ அளவுக்கு வெட்டி இழுக்கும். இந்த வெட்டு ஒவ்வொரு அலைக்கும் திரும்பத் திரும்ப வருவதால், மெல்லிய ஆணியில் நிற்கும் கொண்டியும் மலிவான கிளிப்பும் நெடுநாள் தாங்காது. எங்கள் பையோடு வந்த கிளிப் முதல் கோடை முடிவதற்குள் துருவேறி, அதன் வில் இறுகிப்போனது. இழுப்பு இருக்கும்போது அதைத் திறக்கவே முடியவில்லை. நன்னீரில் பயன்படுத்தும் பொருளுக்கு இப்படி ஆவதை ஏற்க முடியாது. துருப்பிடிக்காத எஃகில் செய்த சுழல் வளையம் ஒன்றை வாங்கி மாற்றிய பிறகு தொல்லை இல்லை. தையலைப் பொறுத்தவரை குறை சொல்ல ஏதுமில்லை. பட்டைகள் விளிம்போடு சேருமிடத்தில் இரட்டைத் தையல் போட்டிருக்கிறார்கள், வால் பக்கத்திலும் நூல் பிரியவில்லை. துணி மெல்லிய நைலான். சுருட்டினால் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். கடைகளில் கனமான வினைல் துணியில் செய்த பைகளும் உள்ளன. அவை அடக்கமாகச் சுருளாவிட்டாலும் நீரில் நன்றாக அமர்கின்றன, பாறைக் கரைகளில் கிழியாமலும் தாங்குகின்றன. இடவசதி உள்ள படகுக்காரருக்கு அவற்றையே பரிந்துரைப்பேன்.

கயிற்றின் நீளத்தைப் பற்றி உறையில் வந்த தாள் போதிய விளக்கம் தரவில்லை. அடித்தரையில் இழுத்துப் பிடிக்கும்போது நம் நூல்களும் பையும் படகின் ஒரே பக்கத்தில், காற்று வரும் திசையில்தான் நீண்டிருக்கும். கயிறு நீளமாக இருந்தால் மாட்டிய மீன் சுற்றி ஓடிப் பைக்குள்ளோ கயிற்றிலோ நூலைச் சிக்கவைத்துவிடும். 2 மீட்டர் அளவுக் கயிறு, பை முழுவதும் மூழ்கும் அளவுக்கு மட்டும் விடப்பட்டால், போதுமானது. குட்டையான கயிற்றில் அலையின் வெட்டு சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்பது உண்மை. நைலான் கயிறு ஓரளவு நீளுந்தன்மை உடையது என்பதால் அதைக் கட்டினால் அதிர்ச்சி குறையும். மிதக்கும் மஞ்சள் பாலிப்ரோப்பிலீன் கயிற்றைத் தவிர்க்கச் சொல்வேன். அது நீர்மேல் கிடந்து நூல்களோடும் இயந்திரத்தின் சுழலியோடும் சிக்கும் வாய்ப்பு அதிகம். இழுப்பில் இருக்கும்போதும் ஒரே கையால் அவிழ்க்கத்தக்க முடிச்சையே போட வேண்டும். கைக்கெட்டும் இடத்தில் கத்தி ஒன்றும் இருக்கட்டும்.

பையை எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நிரம்பிய 36 அங்குலப் பைக்குள் 200 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். வாய்ப்பக்கத்திலிருந்து இழுத்தால் 200 கிலோவை இழுப்பதாகும், சிறிய படகு அந்தப் பக்கம் சாய்ந்தும்விடும். வால் வளையத்தில் தனியாக ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, அதை எப்போதும் தளர்வாகப் படகுக்குள் வைத்திருக்க வேண்டும். எடுக்க வேண்டிய நேரத்தில் அதை மட்டும் இழுத்தால் பை தலைகீழாகித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் துணியாக வந்து சேரும். பெரிய மீன் மாட்டியபோதும் உடனிருப்பவர் இதை நொடிகளில் செய்துவிடலாம். இவ்வளவு இன்றியமையாத இந்த இரண்டாம் கயிற்றை நான் வாங்கிய பொட்டலத்தில் வைக்கவில்லை. வால் வளையம் மட்டுமே இருந்தது. எனவே வாங்கும் இடத்திலேயே பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள். பை முழுவதும் படகுக்குள் வந்த பிறகே இயந்திரத்தை முடுக்க வேண்டும்.

காற்றில் ஓடுவதற்கு மட்டுமன்றி வேறு இரு வேலைகளுக்கும் இதைப் பயன்படுத்தலாம். மெதுவாக ஓட மறுக்கும் பெரிய இயந்திரம் உள்ள படகில், பையை அணியத்தில் கட்டி இழுத்துச் சென்றால் இழுவை வேகம் குறையும். ஆனால் பையும் கயிறும் சேர்ந்து படகின் பாதி நீளத்தைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நீளம் கூடினால் அது சுழலியை எட்டிவிடக்கூடும். மற்றொன்று ஆறுகளில். டெட்ராய்ட் ஆற்றில் வசந்தகாலத்தில் வால்ஐ பிடிப்பவர்கள் நூல் செங்குத்தாக இருக்கவேண்டும் என்பதற்காகப் படகை நீரோட்டத்தின் வேகத்திலேயே விடுகிறார்கள். ஓடும் நீரில் பை படகை நிறுத்தாது, நீரோடு கட்டிப்போடும். காற்று ஒரு பக்கம் இழுக்கும் நாளில் அங்கே அதுவே தேவை. இருப்பினும் பெருங்கப்பல்கள் வந்துபோகும் அந்த ஆற்றில் பையை நீரில் விட்டு வைத்திருப்பது விரைந்து விலக முடியாத நிலையை உண்டாக்கும் என்பதால், அனுபவமில்லாதவர்கள் முயல வேண்டாம்.

மாற்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 20 லிட்டர் வாளியைக் கயிற்றில் கட்டி விடுவதே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். வாளியின் வாய் சுமார் 30 சென்டிமீட்டர். பரப்பில் அது 36 அங்குலப் பையின் ஒன்பதில் ஒரு பங்கு, அதன் கைப்பிடியும் இழுப்பில் கழன்றுவிடும். மின்கோட்டா போன்ற நிறுவனங்களின் ஜி.பி.எஸ். மின்மோட்டார் படகை ஒரே புள்ளியில் நிறுத்திவிடும் என்பது உண்மையே. ஆனால் அதன் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், பலத்த காற்றில் மின்கலமும் விரைவாகத் தீரும். அத்தகைய மோட்டார் வைத்திருப்பவர்களும் பையைக் கூடவே கட்டி அதன் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். நங்கூரமோ வேறு வேலைக்கானது. கனடாவில் 6 மீட்டருக்கு உட்பட்ட இன்பப் படகில் துடுப்பு போன்ற கையால் செலுத்தும் சாதனமோ, 15 மீட்டருக்குக் குறையாத கயிறு கொண்ட நங்கூரமோ இருக்கவேண்டும் என்பது விதி. டிரிஃப்ட் சாக் அந்த நங்கூரத்துக்கு ஈடாகாது. புயலில் சிக்கிய கலத்தைக் காக்க நீண்ட கயிற்றில் விடப்படும் கடல் நங்கூரமாகவும் இதைக் கருதிவிடக் கூடாது.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது, உறையில் உள்ள அட்டவணை சொல்வதற்கு ஒரு படி மேலே செல்லுங்கள். விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிறது. 24 அங்குலப் பையின் பரப்பு 0.29 சதுர மீட்டர், 48 அங்குலத்தினுடையது 1.17. கயாக்குக்கும் கேனுவுக்கும் 24 போதும். 16 அடிப் படகுக்கு 36 தாழ்ந்த எல்லை என்றே சொல்வேன். 48 வாங்கினால் வேகம் இன்னும் நன்றாகக் குறையும், ஆனால் தனியாகச் செல்பவருக்கு அதைக் கையாள்வது கடினம். என் விருப்பம் 36 அங்குலப் பைகள் இரண்டு. ஒன்றை முன்பகுதியிலும் மற்றதைப் பின்பகுதியிலும், இரண்டையும் காற்று வரும் பக்கத்து விளிம்பிலேயே கட்டினால் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது, படகும் அசையாத கோணத்தில் நிற்கிறது. காற்று குறைந்தால் ஒன்றை எடுத்துவிடலாம்.

சிம்கோ ஏரியின் குக்ஸ் விரிகுடாவைப் போல நீர்ச்செடி அடர்ந்த இடங்களில் பை விரைவில் செடிகளை அள்ளி நிரப்பிக்கொள்ளும். அங்கே அதைப் பயன்படுத்தாமலிருப்பதே நல்லது. எங்கே பயன்படுத்தினாலும் துணியின் மடிப்புகளில் செடித்துண்டுகளும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் தங்கிவிடும். 1988ஆம் ஆண்டில் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்ட வரிச்சிப்பிகள் (ஜீப்ரா மஸ்ஸல் என்னும் அந்நிய இனம்) பேரேரிகள் எங்கும் பரவி, உள்நாட்டு ஏரிகளுக்கும் வந்து சேர்ந்த வழிகளில் நம் படகுகளும் அடங்கும். 2022 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலை வழியே கொண்டுசெல்வதற்கு முன் செடி, பாசி, உயிரிகள் அனைத்தையும் நீக்கித் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. படகைத் துடைத்துவிட்டு ஈரப்பையைச் சுருட்டி மூலையில் வைத்தால் அந்தத் தூய்மைக்குப் பொருளில்லை. வீடு வந்ததும் பையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி, 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான நீரில் அலச வேண்டும். அது இயலாவிட்டால் வேறு ஏரிக்குக் கொண்டுபோகும் முன் குறைந்தது 5 நாளாவது வெயிலில் காயவிட வேண்டும். மெல்லிய நைலான் துணி வினைலைவிட மிக விரைவாக உலர்கிறது.